நாற்பது கையெழுத்தும் அப்பாவின் மெட்டும்

எங்கள் தெருமுனைக் கடையில் மாலை ஆறரை மணிக்கு மேல் ஊசி கிடைக்காது. தீர்ந்துபோய்விடும் என்று நினைக்காதீர்கள். ஊசி அட்டை கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், கண்ணுக்கு நேரே மின்னும், ஆனால் கேட்டால் இல்லை என்பார்கள். கற்பித்தல் பயிற்சிக்காக முதன்முதலாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மாலை இது எனக்குத் தெரியவந்தது. சுருதிப்பெட்டி வைக்கும் துணிப்பையின் வார் அறுந்துவிட்டது. தைக்கலாம் என்று கடைக்குப் போய் ஓர் ஊசி கேட்டேன்.

"ஊசி இல்லம்மா" என்றார் கடைக்காரர்.

"அதோ தொங்குதே, அண்ணே."

"அது ஊசி இல்ல."

நான் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெளக்கு வச்ச பெறகு வந்து ஊசி கேக்குறீக. எந்த ஊரு நீங்க?"

"மலேசியா" என்றேன். "அதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சர்க்கரை நிறுக்கத் திரும்பிக்கொண்டார். வாரை முடிச்சுப் போட்டு மறுநாள் கொண்டுபோனேன்.

இந்த 'அதானே'யை நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழம்பில் தேங்காய்ப் பால் கொஞ்சம் கூடிவிட்டால் அதானே. சேலையைச் சற்று ஏற்றிக் கட்டிவிட்டால் அதானே. மலேசியாவில் என் ஊரான கிள்ளானில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு நான் எரிச்சல்காரியாகத் தெரியலாம். தெரிந்துவிட்டுப் போகட்டும். நம் ஊரிலும் 'இதைச் செய்யக் கூடாது' என்ற விலக்குகள் உண்டு. அதற்கு 'பந்தாங்' என்று ஒரு மலாய்ச் சொல்லை வைத்துக்கொண்டு மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஆளுக்கொன்றாகச் சொல்வோம். ஆனால் அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனத்தி, சீனப் புத்தாண்டன்று வாசலைப் பெருக்காதே என்று முந்தின நாளே வந்து சொல்லிவிட்டு இரண்டு ஆரஞ்சுப் பழமும் கொடுத்துவிட்டுப் போவாள். இங்கே சட்டம் என்ன என்பது அதை மீறிய பிறகுதான் தெரியும். மீறிய பிறகும் சொல்ல மாட்டார்கள். முகத்தைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கணவர் காரைக்குடிக்காரர். மரவேலைக் குடும்பம். கிள்ளானில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். அங்கேதான் எங்கள் கல்யாணம், அங்கேதான் மகள் பிறந்தாள். தொழிற்சாலையை மூடியதும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றார். அவர் திரும்பினார், நான் குடியேறினேன். இந்த வித்தியாசம் அவருக்கு இன்றுவரை புரியவில்லை. என் சித்தப்பா மகள்கள் போனில் இந்த ஊர்ப் பெரிய வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீ அரண்மனைக்கு நடுவில் இருக்கிறாய்" என்கிறார்கள். அந்த வீடுகளில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய கதவைப் படம் எடுக்கத் தூரதேசத்திலிருந்து ஆள் வருகிறார்கள். அவர்களுக்கு வழி சொல்ல இந்த ஊரே எழுந்து நிற்கிறது. இங்கேயே கிடந்து சீரழிகிற என்னைப் பார்த்தால்தான் எந்த ஊர் என்று கேட்கிறது.

வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்ற நிலையில்தான், பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், பள்ளி இசையாசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். கிள்ளானில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரியம் பாடுவது. கோயில் வகுப்பில் ஏழு வருடம் பாட்டுக் கற்றேன். அதற்கும் முன்னால், என் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பில் எல்லாருடைய கையிலும் ஒரு ரெக்கார்டரைக் கொடுத்தார்கள். எட்டு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழல். ஊதத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சே இல்லை. முப்பத்திரண்டு பேரும் ஊதினோம். சகிக்காது. ஆனாலும் எங்கள் ஆசிரியை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சிரித்த முகத்தோடு வந்து நிற்பாள். அந்த முகத்தைப் போல ஒரு முகமாக நானும் ஒரு வகுப்பில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர், "தமிழ் எழுதப் படிக்க வருமா?" என்று கேட்டார். முழு விண்ணப்பத்தையும் தமிழில்தான் எழுதியிருந்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதியிருந்தா எங்களுக்குச் சுளுவா இருந்திருக்கும்" என்றார். இரண்டாவது முறை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வகுப்பில் பதினான்கு பேர். எல்லாரும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள். முதல் நாள் நான் வாயைத் திறந்ததும் ஒருத்தி, "அக்கா சிலோனா?" என்றாள். மலேசியா என்றேன். "ஆனா சிலோன் மாதிரிதான் பேசுறீக" என்று அவளே முடிவும் சொல்லிவிட்டாள். பாடம் நன்றாகத்தான் நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். சரளி வரிசை, தாளம், ஆர்மோனியம், பாடக் குறிப்பு எழுதும் முறை எல்லாம் சொல்லித்தந்தார்கள். பாடக் குறிப்பில் நோக்கம் என்று ஒரு கட்டம், துணைக்கருவி என்று ஒரு கட்டம், மதிப்பீடு என்று ஒரு கட்டம். இரண்டாம் பருவத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் நாற்பது பாடம் நடத்த வேண்டும். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது கையெழுத்தும் கடைசியில் ஒரு நன்னடத்தைக் கடிதமும் இருந்தால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை. வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பதில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் மறுபடி முதலில் இருந்து.

எனக்கு ஒதுக்கிய பள்ளி, பள்ளத்தூருக்கும் புதுவயலுக்கும் இடையில் ஒரு கிராமத்தில் இருந்தது. பேர் வேண்டாம். புதுவயல் பஸ்ஸில் ஏறினால் அரிசி ஆலை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஜன்னல் வழியாக அவித்த நெல்லின் வாசம் வரும். நம் ஊரில் செம்பனை எண்ணெய் ஆலைப் பக்கம் போனால் ஒரு வாடை வருமே, அதற்கு இது எவ்வளவோ மேல். இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்த வாசம்தான் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ அந்த ஆலைகளில் வேலை. தலைமையாசிரியை ஐம்பது வயதுக்காரர், உள்ளூர் விவசாயக் குடும்பம். பேச்சில் மரியாதை குறையாது, முகத்தில் அது இருக்காது. முதல் நாளே சொன்னார்: "பாட்டு பீரியடு எப்பவும் கணக்கு டீச்சரு எடுத்துக்கிருவாக. நீங்க வந்துருக்கீகன்னு சொல்லி வாங்கித் தர்றேன். சத்தம் வெளிய கேக்காம பாத்துக்கங்க." பாட்டு வகுப்பில் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பாடக் குறிப்பில் கட்டம் இல்லை. சத்துணவு முட்டை அடுக்கி வைக்கும் அறையில் எனக்கு இடம் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பு, இருபத்தாறு பிள்ளைகள்.

சரளி வரிசையில் தொடங்கினேன். மூன்றாவது நாளே பாதிப் பேர் முட்டை அட்டைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இப்படியே இருபத்தேழு பாடம் ஓடியது. அவர்கள்மேல் தப்பில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏறி இறங்கும் சுரத்தால் என்ன ஆகப்போகிறது? குரலுக்குச் சிரமம் இல்லாத, நாலைந்து சுரத்துக்குள் அடங்குகிற, மேலிருந்து மெதுவாக இறங்கி வருகிற ஒரு மெட்டு வேண்டும் என்று யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லை, அது என் தொண்டையிலேயே இருந்தது. என் அப்பா என்னைத் தூங்க வைக்கப் பாடிய மெட்டு. அதற்கு வார்த்தை கிடையாது. நானே இரண்டு வரி கட்டினேன். 'மழையே மழையே மெதுவா வா, மாங்கா நனையுது மெதுவா வா' என்று. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் ஒரு நீண்ட 'ஏ' உண்டு; இழுத்து, நடுங்கவிட்டு, கீழே இறக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த 'ஏ' அவ்வளவு பிடித்துவிட்டது. தர்ஷினி என்று ஒரு பிள்ளை, மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும், அவள் இழுத்த இழுப்பில் எனக்குப் புல்லரித்தது. யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு அந்த நடுக்கம் வந்தது. முட்டை அறையில் இருபத்தாறு பிள்ளைகளும் கண்ணை மூடிப் பாடியபோது, நான்கு வருடத்தில் முதல்முறையாக இந்த ஊரில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

என் அப்பா செம்பனைப் பழ லாரி ஓட்டினார். கையெல்லாம் காய்ப்பு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இரண்டே அறை. இரவு எட்டரை மணிக்கு அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு அவர் மெட்டு தொடங்கும். வாயை மூடியபடி ஒரு முனகல். அந்த 'ஏ' வருகிற இடத்தில் மட்டும் வாயைத் திறப்பார். அவருடைய உள்ளங்கை என் முதுகில் தாளம் போடும். எனக்குப் பிறகு என் தம்பிக்கும் அதே மெட்டுதான். என் மகள் பிறந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து பாடினார். அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருடைய முன்னோர் இந்தச் சிவகங்கைச் சீமையிலிருந்து போனவர்கள் என்பது மட்டும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவர் இறந்தார். திருச்சியில் விமானம் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டுச் சொல்லிக்கொடுத்த நான்காம் நாள், பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்குள் நுழைகிறேன், தலைமையாசிரியை அறை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி ஆலையில் இருந்து நேரே வந்திருந்தாள். தலைமயிரிலும் புருவத்திலும் தவிடு படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "இவதானா?" என்றாள். தர்ஷினியின் அம்மா.

"வெளக்கு வைக்கையில எம்மக நடு வீட்டுல ஒக்காந்து மாரடிக்கிற பாட்டப் பாடுறா. யாரு சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டா மலேசியா டீச்சருங்குறா. எழவு வீட்டு மெட்ட எளம்பிள்ள வாயில வைக்கலாமா? நீ பிள்ள பெத்தவதானா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா, அது மழைப் பாட்டு" என்றேன். "எங்க ஊர்ல பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடுற மெட்டு அது."

"தூங்க வைக்கவா? பொணத்துக்கு முன்னாடி பாடுறதுடி அது! எம்புருசன் ஒங்க மலேசியாவுலதான் கெடக்காரு. பத்து நாளா போனு இல்ல. ஒவ்வொரு நாளும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போயி வாரேன். எங்க வீட்டுல இதப் பாட வச்சிட்டியே, பாவி!"

சொல்லிவிட்டு அவள் அழுதாள். என்னைத் திட்டியபடி அழுதாள். அருகில் நின்ற இன்னொரு பெண், கோபமே இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்த அதே மெட்டைச் சன்னமாக முனகிக் காட்டினாள். அந்த 'ஏ' வருகிற இடத்தில் 'ஏ... எஞ்சாமி' என்று இழுத்துக் கையை நெஞ்சில் வைத்தாள். அப்பாவின் மெட்டு, ஒரு சுரம் பிசகவில்லை. முதுகில் தட்டுவதற்கு அவர் கை போகிற அதே இடத்தில் அவள் கை நெஞ்சுக்குப் போனது. நான் இதுவரை கேட்ட ஒப்பாரியெல்லாம் சினிமாவில் கேட்டது. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள்; மலேசியாக்காரிக்கு முறை தெரியாது என்று என்னைப் பின்கட்டில் காப்பி ஆற்ற விட்டுவிடுவார்கள். இந்த வட்டாரத்துக்கென்று இப்படி ஒரு மெட்டு இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

அன்று மாலை பட்டறையில் இருந்து வந்த கணவரிடம் சொன்னேன். மெட்டைப் பாடிக் காட்டத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "அம்மா காதுல விழப்போகுது" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"கிள்ளான்லயே தெரியுமா?"

"ஒங்கப்பா நம்ம பிள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு ஆசையாப் பாடுனாரு. மொத நாளு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நிப்பாட்டுங்கன்னு மாமா மொகத்தப் பாத்து எப்புடிச் சொல்றது? பிள்ளையும் தூங்கிருச்சு. அங்குட்டு யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

பத்து வருடமாக என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. அந்த மெட்டு தோட்டத்துக்கு எப்படிப் போயிருக்கும் என்று பிறகு நானாக யோசித்துப் பார்த்தேன். லயத்தில் யாரோ ஒருத்தி, ஊரில் யாரோ செத்த சேதி மாதங்கள் கழித்துக் கடிதத்தில் வர, அழக் கூட்டம் சேராமல், மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தனியாக அழுதிருப்பாள். பிள்ளை அதைக் கேட்டுத் தூங்கியிருக்கும். வளர்ந்து தன் பிள்ளையையும் அதைப் பாடித் தூங்க வைத்திருக்கும். இப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்த ஊரில் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்கூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை என்னை நிற்க வைத்தே பேசினார். என் பயிற்சிப் பதிவேடு அவருடைய மேசைமேல் இருந்தது. முப்பத்தொரு கையெழுத்து வாங்கியாயிற்று, இன்னும் ஒன்பது பாக்கி. "தெரியாமத்தான் செஞ்சிருக்கீக, எனக்குப் புரியிது. ஆனா பிள்ளைக நிப்பாட்டணும்ல? நாளைக்கு ப்ரேயர்ல நீங்களே சொல்லிருங்க. இது கெட்ட பாட்டு, தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன், இனிமே யாரும் பாடக் கூடாதுன்னு. அம்புட்டுத்தான். நானும் கையெழுத்தப் போட்டு அனுப்பி வைக்கிறேன்."

"பாடாதீங்கன்னு சொல்றேன், மேடம். கெட்ட பாட்டுன்னு சொல்ல வேண்டாமே. அது எங்க அப்பா பாடினது."

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கணம் இரக்கம் தெரிந்தது போல இருந்தது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம். "சின்னப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வெளங்காது. கெட்டதுன்னு சொன்னாத்தான் விடுவாக. நீங்க சொல்லலைன்னா இந்த நோட்டு இங்கயே கெடக்கட்டும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது வழி நெடுக மனதுக்குள் சண்டை போட்டேன். கழுத்தில் போட்டுக்கொள்ளச் சங்கிலி கேட்கவில்லை, மேடை கேட்கவில்லை. ஒரு வகுப்பில் நின்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஒரு காகிதம் கேட்டேன். அதற்கு என் அப்பாவை விற்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பதிவேட்டை அவர்களிடமே விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் மகளோடு கிள்ளானுக்குப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். தர்ஷினியின் அம்மா தலையில் தவிட்டோடு அழுததையும் நினைத்தேன். அவளுக்கு வந்த பயம் பொய்யில்லை. அது தெரிந்ததால் என் கோபம் குறையவில்லை, அதை யார்மேல் கொட்டுவது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் கொடிமரத்துக்குக் கீழே நின்றேன். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். சத்தம் வெளியே கேட்கக் கூடாத என் பாட்டு வகுப்புக்கு ஒருநாளும் கிடைக்காத ஒலிபெருக்கி. சுவருக்கு வெளியே சில தாய்மார்கள் நிற்பது தெரிந்தது. "பிள்ளைகளா, நான் சொல்லிக்கொடுத்த மழைப் பாட்டு கெட்ட பாட்டு" என்றேன். "டீச்சர் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். இனிமே அதை யாரும், எங்கேயும், பாடக் கூடாது." என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பயிற்சியில் அதைத்தான் முதலில் சொல்லித்தந்திருந்தார்கள். கூட்டம் கலைந்து வரிசை வகுப்புக்குப் போகும்போது தர்ஷினி வரிசையை விட்டு என்னிடம் வந்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கெட்ட பாட்டுன்னா ஏன் டீச்சர் சிரிச்சிக்கிட்டே சொல்லிக்குடுத்தீக?"

நான் பதில் சொல்வதற்குள் கணக்கு டீச்சர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

மீதி ஒன்பது பாடத்தையும் சரளி வரிசையிலேயே முடித்தேன். பிள்ளைகள் முட்டை அட்டைகளை எண்ணினார்கள். இரண்டாம் வாரம் தர்ஷினி, "அப்பா போன் பண்ணிட்டாக, போனு தண்ணில விழுந்துருச்சாம்" என்று சொன்னாள். எனக்கு நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. அவள் அம்மா வந்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் என் முட்டாள்தனம். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் எதிரே வந்தவள் என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் பிள்ளையின் தலையை மூடி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தலைமையாசிரியை வாக்குத் தவறவில்லை. நாற்பது கையெழுத்தும் போட்டார். நன்னடத்தைக் கடிதத்தில், 'உள்ளூர்ப் பண்பாட்டை விரைவில் கற்றுக்கொள்பவர்' என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா, கிழிப்பதா என்று தெரியாமல் மடித்துப் பையில் வைத்தேன்.

சான்றிதழ் வந்துவிட்டது. தனியார் பள்ளியில் வேலையும் கிடைத்துவிட்டது. இப்போது எந்த மெட்டைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னும் என் மாமியாரிடம் பாடிக் காட்டி அனுமதி வாங்கிக்கொள்கிறேன். அவர் அடுப்பங்கரையில் இருந்தபடியே, "பாடலாம், பாடலாம்" என்றோ, "ஏத்தா, அது வேணாம்" என்றோ சொல்வார். ஏன் என்று சொல்ல மாட்டார். நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். அப்பாவின் மெட்டை மட்டும் அவரிடம் பாடிக் காட்டியதில்லை.

போன மாதம் என் தம்பிக்கு மகன் பிறந்தான். நேற்று மாலை ஆறே கால் மணிக்குத் தம்பி வீடியோ அழைப்பில் வந்தான். இங்கே விளக்கு வைக்கிற நேரம்தான் அங்கே பிள்ளையைத் தூங்க வைக்கிற நேரம், எட்டே முக்கால். "அக்கா, பாரு லா, தூங்கவே மாட்டேங்கிறான்" என்று போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டான். எதிரே என் மாமியார் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி மூச்சை இழுத்த விதத்திலேயே என்ன பாடப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் சுரம் வெளியே வருவதற்குள் என் கட்டைவிரல் போனின் பக்கவாட்டுப் பொத்தானைத் தேடிப் பிடித்து, சத்தம் அடியோடு போகிறவரை அழுத்தியது. சத்தமில்லாமல் அவன் வாய் மூடியிருந்தது, திறந்தது, மூடியது. கை பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது. பிள்ளையின் இமைகள் கனத்து இறங்கின. மாமியார் விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு என்னையும் கும்பிடச் சொன்னார். ஒரு கையால் கும்பிட்டேன். தம்பி திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்து சிரித்தபடி ஏதோ கேட்டான். அப்பா மாதிரியே பாடுகிறேனா என்றுதான் கேட்டிருப்பான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.